வெளிநாட்டுப் பருவகால வேளாண் பணி: விசாவும் விழிப்புணர்வும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கு ஒப்புதல் பெற்றது. இவ்வேளையில் கால் மணி நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்லன். ஆயினும் ஒரு செய்தியை இந்தச் சபையில் சொல்லியே தீர வேண்டும் என்று ஓராண்டாக என் மனம் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதில் என்னுடைய தவறும் உண்டு. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு நம் முஹல்லாவைச் சேர்ந்த ஒரு வாலிபர், அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்து ஒரு தாளை நீட்டினார். இத்தாலி நாட்டில் பழத்தோட்ட வேலை, மாதம் 1,40,000 ரூபாய் ஊதியம், தங்குமிடம் இலவசம். ஏஜெண்டுக்கு மொத்தம் 6 லட்சம் தர வேண்டும். அதில் ஒன்றரை லட்சத்தைத் தாயின் நகைகளை அடகு வைத்து முன்னரே கொடுத்தாயிற்று. எஞ்சியதைத் திரட்ட வழி கேட்கவே அவர் வந்திருந்தார்.

"ரசீது எங்கே தம்பி?" என்றேன். "நமக்குள் ரசீது எதற்கு என்று அவர் சொல்லிவிட்டார் மாமா. நீங்களும் அவரை நல்ல மனிதர் என்றுதானே சொன்னீர்கள்?" என்றார்.

உண்மைதான். இரண்டு மாதங்களுக்கு முன்பு, இதே பள்ளிவாசலின் வாயிலில், அந்த ஏஜெண்டு எனக்கு ஸலாம் சொல்லிக் கைகொடுத்தார். "இவர் எப்படிப்பட்டவர்?" என்று அந்த வாலிபரின் தாயார் ஆள் அனுப்பிக் கேட்டபோது, "தொழுகையாளி, நல்ல மனிதர்தான்" என்று சொல்லி அனுப்பினேன். விசாரிக்காமல் சொன்ன சொல் அது. அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு வீட்டின் நகை அடகுக் கடைக்குப் போயிற்று.

அந்தத் தாளை நானும் செயலாளர் அவர்களும் அமர்ந்து வரிவரியாகப் படித்தோம். முதலாளியின் முழு முகவரி இல்லை. "பருவகாலப் பணி" என்று மேலே அச்சிட்டிருந்தது. கீழே "இரண்டு ஆண்டுகள்" என்று இருந்தது. இத்தாலியச் சட்டப்படி பருவகாலப் பணிக்கு உச்ச அளவே 9 மாதங்கள்தான் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். மத்திய அரசின் பதிவேட்டில் அந்த ஏஜெண்டின் பெயரைத் தேடினோம், இல்லை. பெரியவர்கள் நால்வர் நேரில் சென்று பேசியதில் 80,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதி வரவில்லை. நகைகளில் பாதி இன்னும் மீளவில்லை. அந்த வாலிபரின் இசைவைப் பெற்றே இதை இங்கே சொல்கிறேன். அவரும் இந்தச் சபையில் அமர்ந்திருக்கிறார்.

இந்த நிகழ்ச்சிக்குப் பின், பருவகால வேளாண் விசா என்பது என்ன, அது யாருக்குக் கிடைக்கும், எவ்வாறு கிடைக்கும் என்பதை ஓராண்டாகத் தேடிப் படித்தும், சென்று திரும்பியவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முன்பணம் என்னும் பழைய கயிறு

காஞ்சிபுரத்து மக்களாகிய நமக்கு "முன்பணம்" என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. குழித்தறியில் அமர்ந்தவனுக்கு ஐப்பசி, கார்த்திகை வந்தால் குழியில் நீர் ஊறும்; தெருவில் பாவு விரிக்க முடியாது; சாயம் ஏற்றிய நூல் காயாது. அடுப்பெரிய முன்பணம் வாங்குவான். அந்த முன்பணம் அவனை அந்தத் தறியோடு கட்டிப்போடும். கடன் தீரும் வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. என் தந்தையார் அப்படிக் கட்டுண்டவர். அவர் வாங்கிய முன்பணத்தை அடைத்தது என் மூத்த சகோதரரின் உழைப்பு.

கடல் கடந்த வேளாண் வேலையிலும் இதே கயிறுதான் இருந்தது. பருவகால வேலைக்காகத் தமிழர்கள் கடல் கடந்தது இன்று நேற்று நடந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கண்டி மலைச்சீமையில் காப்பித் தோட்டங்கள் எழுந்தபோது, காப்பிப் பழம் பறிக்கும் சில மாதங்களுக்கு மட்டும் நம் தென் மாவட்டங்களிலிருந்து ஏழை எளியோர் சென்றனர். படகில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காடுகளின் வழியே மாத்தளைக்கு நடந்தே சென்றார்கள். வழியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் ஆயிரக்கணக்கில். பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவார்கள்.

அவர்களைத் திரட்டிச் சென்றவர் கங்காணி. வழிச்செலவுக்கும் சோற்றுக்கும் அவர் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்திற்குப் போக வேண்டுமானால், அவன்மீதுள்ள கடனைக் குறிக்கும் "துண்டு" என்னும் சீட்டு அவனோடு போகும். அந்தக் கடனை ஏற்கும் தோட்டமே அவனை எடுத்துக்கொள்ளும். 1869இல் காப்பி இலைகளில் நோய் தோன்றியது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். சில மாத வேலைக்குப் போன குடும்பங்கள் பரம்பரையாக அங்கேயே தங்கும்படி ஆயிற்று. அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921இல்தான்.

நம் பகுதியும் இதற்கு விலக்கன்று. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து "ட்ரூரோ" என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதில் தொடங்கி 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களில் வட ஆர்க்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்காரர்கள் ஏராளம். அந்நாளில் காஞ்சிபுரம் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது என்பதைப் பெரியோர் அறிவர்.

இந்தப் பழங்கதையை ஏன் சொல்கிறேன் என்றால், வேலையில் இழிவு ஒன்றும் இல்லை. பயணத்திலும் தவறில்லை. மனிதனை அடிமையாக்குவது, புறப்படும் முன்பே அவன் தலையில் ஏற்றப்படும் கடன். அன்று அதற்குத் துண்டு என்று பெயர். இன்று அதற்கு "விசா செலவு" என்று பெயர்.

பருவகால விசா என்பது என்ன?

பழம் பறித்தல், காய்கறி அறுவடை, திராட்சைக் கொடி கவாத்து, பூந்தோட்டப் பணி போன்றவற்றுக்குச் சில மாதங்கள் மட்டும் ஆள் தேவைப்படும். உள்நாட்டில் ஆள் கிடைக்காத நாடுகள், அந்த மாதங்களுக்கு மட்டும் அயல்நாட்டாரை அனுமதிக்கின்றன. அதுவே பருவகால விசா. இதன் இயல்புகள் நான்கு. முதலாவது, காலவரையறை உண்டு. முடிந்ததும் திரும்பியாக வேண்டும். இரண்டாவது, குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல இயலாது. மூன்றாவது, குறிப்பிட்ட முதலாளிக்கோ நிறுவனத்துக்கோ மட்டுமே வேலை செய்யலாம். நான்காவது, இது பெரும்பாலும் குடியுரிமைக்கோ நிரந்தரத் தங்கலுக்கோ வழியாகாது. "முதலில் ஆறு மாதம் போங்கள், பிறகு பி.ஆர். வாங்கித் தருகிறேன்" என்று எவரேனும் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லா நாடுகளும் எல்லா நாட்டாரையும் எடுப்பதில்லை. கனடாவின் பருவகால வேளாண் தொழிலாளர் திட்டம் 1966இல் தொடங்கியது. அது மெக்சிகோவுக்கும் கரீபியத் தீவு நாடுகளுக்கும் மட்டுமே உரியது. ஆஸ்திரேலியாவின் பசிபிக் தொழிலாளர் திட்டம் பசிபிக் தீவு நாடுகளுக்கும் கிழக்குத் திமோருக்கும் உரியது. இந்தத் திட்டங்களின் பெயரைச் சொல்லி நம்மிடம் பணம் கேட்பவர், இல்லாத பொருளுக்கு விலை சொல்கிறார். கனடாவில் வேறு பிரிவில் பண்ணைத் தொழிலாளர் செல்ல வழியுண்டு. ஆனால் அங்கேயும் முதலில் முதலாளி தம் அரசிடம் ஆள் தேவைக்கான அனுமதியைப் பெற்றாக வேண்டும். ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது.

இத்தாலி: உண்மையும் பொய்யும்

இந்தியர்களுக்கு முறையாகத் திறந்துள்ள வழிகளில் ஒன்று இத்தாலி. 2023 நவம்பரில் இந்தியாவும் இத்தாலியும் குடிபெயர்வு, போக்குவரவு தொடர்பான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்படி இந்தியப் பருவகாலத் தொழிலாளர்களுக்கு 2023இல் 3,000, 2024இல் 4,000, 2025இல் 5,000 என இடங்கள் ஒதுக்கப்பட்டன. இது முழு இந்தியாவுக்குமான எண்ணிக்கை. பஞ்சாபியர் அங்கே நெடுங்காலமாகப் பண்ணைகளிலும் பால் தொழிலிலும் வேரூன்றியவர்கள் என்பதால், அழைப்புகளும் பெரும்பாலும் அவர்கள் வழியாகவே வருகின்றன.

அங்கே நடைமுறை என்ன? தொழிலாளி விண்ணப்பிக்க முடியாது. முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். அரசு குறித்த நாளில் அவர் இணையம் வழியாக மனுச் செய்வார். தங்குமிடம் உண்டென்று காட்டுவார். ஒதுக்கீட்டுக்குள் இடம் கிடைத்தால் "நுல்லா ஒஸ்தா" என்னும் தடையின்மை அனுமதி வழங்கப்படும். அதன் பின்னரே தொழிலாளி இங்கே தூதரகத்தில் விசாவுக்கு விண்ணப்பிப்பார். அங்கே இறங்கிய பிறகு, குறித்த கெடுவுக்குள் முதலாளியோடு தங்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். இந்தக் கடைசிப் படியில்தான் பலர் வீழ்ந்தார்கள். விமானம் விட்டு இறங்கினால் முதலாளி இல்லை. முகவரியில் பண்ணை இல்லை. ஒப்பந்தம் இல்லையேல் தங்கும் அனுமதி இல்லை. முறையான விசாவில் போனவர் சில வாரங்களில் ஆவணமற்றவர் ஆகிவிடுகிறார்.

இந்த ஒதுக்கீட்டைக் குற்றக் கும்பல்கள் பணம் பார்க்கும் வழியாக்கிவிட்டன என்று 2024 ஜூனில் இத்தாலியப் பிரதமரே வெளிப்படையாகக் கூறினார். அதே ஆண்டில் வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாட்டினருக்கான அனுமதிகளைப் போலி ஆவணங்களின் காரணமாக நிறுத்திவைத்துச் சோதிக்கும் சட்டம் வந்தது. சிலர் செய்த மோசடியால் நேர்மையாகக் காத்திருந்த ஏழைகளின் கதவும் அடைபட்டது.

ஆவணமின்றி வேலை செய்பவனின் நிலை என்ன? 2024 ஜூனில் ரோம் நகருக்குத் தெற்கேயுள்ள லத்தினா வட்டாரத்தில், பஞ்சாபைச் சேர்ந்த 31 வயதுப் பண்ணைத் தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல், வீட்டருகே போட்டுவிட்டுச் சென்றார்கள். துண்டான கையைப் பழப் பெட்டியொன்றில் வைத்திருந்தார்கள். இரண்டு நாட்களில் அவர் இறந்தார். அவருக்கு முறையான ஒப்பந்தம் இல்லை. இத்தாலி முழுவதும் அதற்காகக் கண்ணீர் விட்டது, போராட்டங்கள் நடந்தன. ஆனால் போன உயிர் போனதுதான்.

பிரிட்டன்: ஒரு கணக்கு

பிரிட்டனில் பருவகாலத் தொழிலாளர் விசா 2019இல் 2,500 இடங்களோடு சோதனையாகத் தொடங்கியது. 2025இல் தோட்டப் பயிர்களுக்கு 43,000 இடங்கள். ஆறு மாதங்கள்தான் வேலை. அரசு உரிமம் பெற்ற ஒருசில நிறுவனங்கள் மட்டுமே ஆள் எடுக்கலாம். அவை பெரும்பாலும் மத்திய ஆசிய நாடுகளிலிருந்தே எடுக்கின்றன. இந்தியர்களுக்குத் தடையில்லை எனினும் வாசல் குறுகலானது. வேலை தேடித் தருவதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம்.

இனி என்னோடு சேர்ந்து ஒரு கணக்கைப் போடுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டுங்கள்.

2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு. வாரத்திற்குக் குறைந்தது 32 மணி நேர ஊதியம் உறுதி. ஆக வாரம் 390 பவுண்டு. 26 வாரங்களுக்குச் சுமார் 10,150 பவுண்டு. தங்குமிடத்திற்கு நாளொன்றுக்கு 10.66 பவுண்டு பிடித்தம் என்றால் ஏறத்தாழ 1,940 பவுண்டு. தேசியக் காப்பீட்டுப் பிடித்தம் 300 அளவில். விசாவும் விமானமும் சேர்ந்து 1,050 என்று கொள்வோம். உணவுக்கு வாரம் 50 வீதம் 1,300. எல்லாம் போக எஞ்சுவது 5,560 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு 110 ரூபாய் என்று தாழ்த்திக் கணக்கிட்டால் சுமார் 6,10,000 ரூபாய்.

கடனின்றிச் சென்றவருக்கு இது நல்ல வருமானம். ஒரு மகளின் திருமணச் செலவு, ஒரு வீட்டின் கூரை, ஒரு சிறு கடையின் முதல்.

ஆனால் ஏஜெண்டுக்கு 5 லட்சம் கொடுத்துச் சென்றவரின் கணக்கு வேறு. அந்த 5 லட்சத்தை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினார். விசா வரக் காத்திருந்தது நான்கு மாதம். வேலை ஆறு மாதம். பத்து மாத வட்டி ஒன்றரை லட்சம். ஆகக் கடன் ஆறரை லட்சம். ஆறு மாதம் குளிரில் குனிந்து ஸ்ட்ராபெர்ரி பறித்து, ஊர் திரும்பும்போது அவர் கையில் இருப்பது 40,000 ரூபாய்க் கடன். வட்டியின் பாவத்தைப் பற்றி இமாம் அவர்கள் இந்த மிம்பரில் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார்கள். நான் கூட்டல் கழித்தலை மட்டும் சொல்கிறேன்.

இந்தக் கணக்கு நேராகாதபோது மனிதன் என்ன செய்வான்? விசா முடிந்தும் திரும்ப மாட்டான். ஒளிந்து வேலை செய்வான். 2022இல் இங்கிலாந்தின் கென்ட் வட்டாரப் பழத்தோட்டத்திற்கு வந்த இந்தோனேசியத் தொழிலாளர்கள், தம் ஊர்த் தரகர்களுக்கு 5,000 பவுண்டு வரை கடன்பட்டு வந்ததாக அந்நாட்டுப் பத்திரிகைகள் வெளிப்படுத்தின. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கங்காணியின் துண்டு, கடவுச்சீட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டு இன்றும் பயணம் செய்கிறது.

வளைகுடாவின் பண்ணை விசா

நம்மவர்க்கு நன்கு பழக்கமான வளைகுடா நாடுகளைப் பற்றியும் ஒரு சொல். கடையில் வேலை, ஓட்டுநர் வேலை என்று அழைத்துப் போய், பாலைவனத்துப் பண்ணையில் ஆடும் ஒட்டகமும் மேய்க்க விடும் கொடுமை ஓயவில்லை. 2022 செப்டம்பரில், வேறு வேலை என்று நம்பிக் குவைத்துக்குச் சென்ற திருவாரூர் மாவட்டத்துக்காரர் ஒருவர், ஒட்டகம் மேய்க்கப் பணிக்கப்பட்டு, போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். சவூதியில் 2021 மார்ச்சில் தொழிலாளர் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. முதலாளியின் ஒப்புதலின்றி வேலை மாறவும் நாடு திரும்பவும் அது பலருக்கு உரிமை தந்தது. ஆனால் பண்ணையாளர், மேய்ப்பர், தோட்டக்காரர், வீட்டுப் பணியாளர், வீட்டு ஓட்டுநர் ஆகியோர் அதில் சேர்க்கப்படவில்லை. விசாவில் எந்தத் தொழில் எழுதப்பட்டிருக்கிறது என்பது வெறும் எழுத்தன்று. எந்தச் சட்டம் உங்களைக் காக்கும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. அரபியில் இருந்தால், ஓதத் தெரிகிறது என்று விட்டுவிடாமல், பொருள் தெரிந்தவரிடம் காட்டிப் படிக்கச் செய்யுங்கள்.

நம் நாட்டுச் சட்டம் தரும் காப்பு

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவு பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. ஐரோப்பாவுக்காயினும் அரபு நாட்டுக்காயினும் இதுவே விதி. பதிவு பெற்ற முகவர்களின் பெயர்கள் "இ-மைக்ரேட்" என்னும் அரசு இணையதளத்தில் உள்ளன. பதிவு எண்ணையும், அது காலாவதியாகவில்லை என்பதையும் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

பதிவு பெற்ற முகவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதன்மீது 18 விழுக்காடு வரியும், அதாவது 35,400 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. ரசீது தர வேண்டும். 6 லட்சம் எங்கே, 35,400 எங்கே?

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாகக் "குடிபெயர்வு அனுமதி தேவை" என்ற முத்திரை இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் முன், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். சென்னையிலேயே அவ்வலுவலகம் உள்ளது. "அனுமதி வேண்டாம், சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பவர், உங்கள் மீதுள்ள ஒரே கவசத்தைக் கழற்றச் சொல்கிறார். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீட்டில், வரி நீங்கலாக 275 ரூபாய் தவணையில் இரண்டு ஆண்டுகளுக்கு, விபத்து மரணத்திற்கும் நிரந்தர ஊனத்திற்கும் 10 லட்சம் ரூபாய் காப்பு உண்டு.

தமிழக அரசுக்குச் சொந்தமான அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது. அதுவும் பதிவு பெற்ற முகவரே. சென்னை எழிலகத்தில் அயலகத் தமிழர் நலனுக்கான ஆணையரகம் உள்ளது. அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகவும் பதிந்துகொள்ளலாம். இங்கிருந்து சென்னை இரண்டு மணி நேரப் பயணம். ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும், ஒருமுறை நேரில் சென்று கேட்டுவிட்டு வாருங்கள்.

இளைஞர்களுக்கு

ஏன் போக நினைக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். தறிகள் குறைந்துவிட்டன. விசைத்தறிச் சேலை, காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விலை போகிறது. திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஆலைகள் வந்தன; அவற்றிலும் ஒப்பந்தக் கூலிதான் மிகுதி. 2006இல் பெருமையோடு வந்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டபோது நம் தெருக்களிலும் வேலையிழந்தவர் இருந்தனர். ஆகவே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டுப் போங்கள் என்கிறேன்.

வேலையின் தன்மையையும் அறிந்துகொள்ளுங்கள். விடியுமுன் எழ வேண்டும். குனிந்த முதுகு நிமிராது. எடை குறைந்தால் மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார். மழை நாளில் வேலை குறையும். நிழலில் அமர்ந்து ஜரிகை இழை எண்ணிய கைக்கு இது புதிது. மொழி தெரியாத ஊரில் ஒரு கேரவனில் ஆறு பேர் தங்குவதும் உண்டு. இவ்வளவையும் அறிந்து, உடலும் மனமும் இசைந்தால் புறப்படுங்கள்.

புறப்படுமுன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். முதலாளி யார், எந்த ஊர்? எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிகிறது? மணிக்கு எவ்வளவு, வாரத்திற்குக் குறைந்தது எத்தனை மணி நேரம்? எதற்கெல்லாம் பிடித்தம்? வேலை இல்லையென்றால் திரும்பும் பயணச்சீட்டு யார் பொறுப்பு? இந்த ஐந்துக்கும் எழுத்தில் விடை வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுமாறு நம் மார்க்கம் கட்டளையிட்டிருக்கும்போது, "நமக்குள் ரசீது எதற்கு?" என்பவர் மார்க்கத்தையும் அறியவில்லை, சட்டத்தையும் மதிக்கவில்லை.

ஜமாஅத்திற்கு என் கோரிக்கைகள்

நிர்வாகக் குழுவின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: மூவர் கொண்ட ஒரு விசாரிப்புக் குழு அமைய வேண்டும். அதில் கணினி அறிந்த இளைஞர் ஒருவரும், வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர் ஒருவரும் இருக்கட்டும். ஜுமுஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் அலுவலக அறையில் அமர்ந்தால் போதும். ஏஜெண்டின் பதிவு எண்ணையும் ஒப்பந்தத்தையும் பார்த்துச் சொல்வார்கள்.

இரண்டு: பதிவு எண் காட்டாத எந்த ஏஜெண்டையும் பள்ளிவாசல் வளாகத்தில் எவரும் அறிமுகம் செய்யக் கூடாது. அவர் எத்தனை பெரிய மனிதராயினும் சரி, நம் உறவினராயினும் சரி. இந்த வாசலின் மீதுள்ள நம்பிக்கை ஓர் அமானிதம். அதை ஒருவர் தம் வியாபாரத்துக்கு முதலாக்க நாம் இடங்கொடுக்கலாகாது. நான் இடங்கொடுத்துவிட்டேன், இனி யாரும் கொடுக்க வேண்டாம்.

மூன்று: பைத்துல்மாலிலிருந்து, விசாரிப்புக் குழு சரிபார்த்த விண்ணப்பங்களுக்கு மட்டும், சட்டம் அனுமதித்த கட்டணத்திற்கும் பயணச் செலவுக்கும் வட்டியில்லாக் கடன் தரலாமா என்று குழு ஆலோசிக்க வேண்டும். சென்றவர் மாதாமாதம் திருப்பினால் அடுத்தவருக்கு அது உதவும். நகை அடகுக் கடைக்குப் போவதற்கும் கந்துவட்டிக்கும் அது அணையிடும்.

நான்கு: வெளிநாடு செல்பவர் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், பணியிட முகவரி ஆகியவற்றின் நகல்கள் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆபத்து நேர்ந்த பின் "எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியவில்லை" என்று ஒரு தாய் அழுவதை நாம் கேட்கக் கூடாது.

தாய்மார்களுக்கு ஒரு சொல் சொல்லி அமர்கிறேன். பிள்ளையின் ஆசைக்காக நகையைக் கழற்றுவது உங்கள் இயல்பு. அதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கழற்றும் முன் ஒரு வாரம் பொறுங்கள். அந்த ஒரு வாரத்தில் அந்தத் தாளை இங்கே கொண்டுவந்து காட்டுங்கள். தாள் உண்மையானால் ஒரு வாரத்தில் அது கெட்டுப்போகாது. "இன்றே பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் இடமே இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

மீளாத நகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வாலிபரின் தாயாருக்கு நான் கடன்பட்டவன். நான் சொன்ன சொல்லை நம்பிப் போன பொருளில் என்னால் இயன்ற பங்கை மாதந்தோறும் செலுத்தி வருகிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. "நல்ல மனிதர்தான்" என்று ஒருவருக்குச் சான்று சொல்லும் முன், அந்தச் சொல்லுக்கு விலை உண்டு என்பதை என்னைப் போன்ற வயதானவர்கள் நினைவில் கொள்ள வேண்டும் என்பதற்காகவே சொன்னேன்.

நம் பிள்ளைகள் எங்கே சென்றாலும் கடனின்றிச் சென்று, கண்ணியத்தோடு உழைத்து, நலமோடு ஊர் திரும்ப எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக!